அமத்தினால் பாடும்

"போர்ட் செத்துப்போச்சு மாமா" என்று சொல்லிக்கொண்டுதான் மருமகன் கடைக்குள் வந்தான். மார்கழி மழை. பம்பைமடுவில் கம்பஸ் முடிந்து மன்னார் றோட்டால் வருகிற பஸ்ஸில் ஏறி, சந்தியில் இறங்கி, சொப்பிங் பையை நெஞ்சோடு அணைத்தபடி ஓடி வந்திருக்கிறான். ஆள் தெப்பமாக நனைந்து நிற்கிறான், பைக்குள் இருந்த போர்ட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை. மேசையில் ஐந்து போன் திறந்து கிடக்கிற நேரத்தில் வந்துவிட்டானே என்று வந்த எரிச்சல் அதோடு போய்விட்டது.

பூவரசங்குளத்தில் நான் போன், றேடியோ, ஃபான், தண்ணி மோட்டரின் ஸ்ராட்டர் என்று ஆட்கள் கொண்டுவருவது எல்லாவற்றையும் திருத்துகிறவன். "செத்துப்போச்சு" என்று என் மேசைக்கு வந்த சாமான்களில் உண்மையிலேயே செத்தவை சொற்பம். மிச்சத்தில் ஏதோ ஒன்று இன்னொன்றைத் தொடாமல் நிற்கும். அவ்வளவுதான். அந்த அவ்வளவு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் கூலி.

வன்னியில் ஊரின் பெயரைச் சொன்னாலே குளம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வவுனியாவிலிருந்து மன்னார் றோட்டால் வந்தால் வேப்பங்குளம், நெளுக்குளம், பூவரசங்குளம் என்று குளங்களை எண்ணிக்கொண்டுதான் வரவேண்டும். 80 ஹெக்டேருக்கு, ஏக்கர்க் கணக்கில் 200க்கு, மேற்படாமல் நீர் பாய்ச்சுபவற்றைச் சிறு குளம் என்பார்கள். பெரிய குளத்துக்குப் பொறியியலாளரும் அளவுகோலும் பதிவேடும் உண்டு. சிறு குளத்துக்கு விடியப்புறம் எழும்பிக் கட்டில் நடந்து பார்க்கிற கமக்காரரின் கண்தான் அளவுகோல். 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறபட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததைப் பார்த்த பிறகு, இரவில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்பதைக் குடையோடு போகாமல் வீட்டில் இருந்தே அறிய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது. அப்படித்தான் இந்த விளையாட்டு தொடங்கியது.

குளக்கட்டில் ஒரு பெட்டி. அதற்குள் தண்ணீர் மட்டத்தை ஒலியால் அளக்கும் ஒரு கண், ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் போர்ட் ஒன்று, ஒரு லோரா றேடியோ. வீட்டில் இன்னொரு றேடியோ. லோரா என்பது கொஞ்ச வலுவில் கன தூரம் போகும் ஒரு வகை அலைபரப்பு. பிரான்சின் கிரெனோபிளில் இருந்த சைக்கிளியோ என்ற சிறு கம்பெனி உருவாக்கியதை 2012இல் அமெரிக்காவின் செம்டெக் வாங்கிக்கொண்டது. பாட்டையும் படத்தையும் அதால் அனுப்ப முடியாது. "ஏழடி நாலங்குலம்" என்று ஒரு சொல் அனுப்பலாம். குளத்துக்கு அது போதும். ஆனால் இந்த நாட்டில் எந்த அலைவரிசையில், எவ்வளவு வலுவில் அனுப்பலாம் என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதியைப் பார்த்துவிட்டே அன்டெனாவைப் பூட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் அன்டெனா வைத்த பெட்டி என்றால் ஆட்கள் இரண்டு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். கேட்டால் காட்ட ஒரு விளக்கம் கையில் இருக்க வேண்டும்.

வீட்டுப் பக்கத்து வாங்கியும் ஒரு ஊனோவில்தான் கிடந்தது, ஒழுங்காக வேலை செய்தது. மருமகனுக்கு அது போதவில்லை. திரை வேண்டும், ஒவ்வொரு அளவும் எஸ்டி கார்ட்டில் பதிவாக வேண்டும். கணக்குப் பார்த்தால் அவன் சொன்னதும் நியாயம். ஊனோவின் வேலை நினைவகம் 2048 பைற். எஸ்டி கார்ட் லைப்ரரி தன் பங்குக்கு 512ஐப் பிடிக்கும். 128க்கு 64 புள்ளித் திரை இன்னுமொரு 1024ஐ விழுங்கும். மிச்சம் 512இல் றேடியோவும் மற்றெல்லாமும் ஒண்டிக் கிடக்க வேண்டும். அதனால் ஆர்டுயினோவிலேயே பெரிய போர்ட்டான மெகாவை வாங்கினான். அதில் 8192. பழைய வாங்கியிலிருந்த றேடியோ சீல்ட்டைக் கழற்றி, மெகாவின் மேல் அமத்தினான். பின் எல்லாம் துளைக்குள் வடிவாக இறங்கின. பவர் கொடுத்தான். லோரா தொடங்கவில்லை என்று ஒரே வரி.

சீல்ட் என்றால் ஆர்டுயினோவின் தலையில் அடுக்குச் சட்டி மாதிரி ஏறி உட்காரும் இன்னொரு போர்ட். கீழே உள்ளதன் துளையும் மேலே உள்ளதன் காலும் நேருக்கு நேர் வரும். இப்படி வடிவாகப் பொருந்துவதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கால் துளைக்குள் இறங்கினால் தொடுப்பு வந்துவிட்டது என்று கண் நம்பிவிடும்.

அந்தச் சீல்ட் கடையில் வாங்கியது இல்லை. நான் செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிச் சொல்லப்போகிற பிழைகளில் கனக்க என்னுடையவை.

மருமகன் புரோகிராமைக் காட்ட வெளிக்கிட்டான். வேண்டாம் என்றேன். முந்நூறு வரிக்குள் பிழை தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சிப்பிடம் பெயரைக் கேட்பது. எஸ்எக்ஸ்1276 என்ற அந்த றேடியோ சிப்புக்குள் 66ஆம் இலக்க ரெஜிஸ்டர் ஒன்று உண்டு. அதை வாசித்தால் 18 என்று பதில் தரவேண்டும். தரவுத்தாளில் பதினாறடிமானத்தில் 42 என்றும் 12 என்றும் கிடக்கும், எங்கள் கைவிரல் கணக்கில் 66, 18. வேறு எதையும் கேட்காத, பத்துப் பன்னிரண்டு வரிப் புரோகிராம் ஒன்றை எழுதி, செக்கனுக்கு ஒரு தரம் பெயரைக் கேட்க வைப்பேன். 18 வந்தால் பவரும் நாலு வயரும் சரி. 0 அல்லது 255 மட்டுமே வந்தால் அந்தப் பக்கத்தில் ஒருவரும் கதைக்கவில்லை, நாங்கள் வெறும் வயரைத்தான் வாசிக்கிறோம். எண் மாறி மாறி வந்தால்தான் எனக்குப் பிடிக்கும். மாறுகிற பிழையைத்தான் பிடிக்கலாம்.

0 வந்தது. 0, 0, 0.

பவரைப் பார்த்தோம். சிப்பின் காலிலேயே 3.3 வோல்ட் இருந்தது. சீல்ட்டின் விளிம்பில் பார்த்தால் காணாது, சிப்பின் காலில்தான் பார்க்க வேண்டும். அதுவும் சும்மா இருக்கிற நேரத்தில் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. முழு வலுவில் அனுப்பும்போது இந்த சிப் 120 மில்லியம்பியர் வரை இழுக்கும். ஊனோவின் 3.3 வோல்ட் பின்னில் எடுக்கச் சொல்லியிருப்பது 50 மட்டும். குளக்கட்டுப் பெட்டியில் இதே பிழையை விட்டு, ஒவ்வொரு தரமும் "ஏழடி" என்று சொல்லத் தொடங்கி "ஏ" என்பதிலேயே மயங்கி விழுந்த போர்ட்டோடு ஒரு கிழமை மாரடித்திருக்கிறேன். இப்போது தனி ரெகுலேற்றர் வைத்துத்தான் கொடுக்கிறேன்.

பவர் சரி, பெயர் வரவில்லை. அப்படியானால் நாலு வயர். போர்ட் சிப்போடு கதைப்பது மோசி வயரில், சிப் பதில் சொல்வது மிசோ வயரில். இரண்டுக்கும் தாளம் போடுவது எஸ்சிகே. "உன்னோடுதான் கதைக்கிறேன்" என்று தோளில் தட்டுவது என்எஸ்எஸ். ஊனோவில் மோசி 11, மிசோ 12, தாளம் 13. நான் சீல்ட் செய்தபோது அந்த மூன்று காலிலிருந்தும் வயரை இழுத்து ஈயம் வைத்துவிட்டேன். என்எஸ்எஸ் 10இல், சிப்பை ரீசெட் பண்ணும் வயர் 9இல்.

மெகாவில் 11, 12, 13 என்று எழுதிய துளைகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. எண்ணும் அதே எண்தான். ஆனால் அவற்றுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. மெகா தன் மிசோவை 50இலும் மோசியை 51இலும் தாளத்தை 52இலும் வைத்திருக்கிறது, போர்ட்டின் மற்ற முனையில், இரட்டை வரிசைத் துளைகளுக்குள். எங்கள் சீல்ட் வாசலில் நின்று தட்ட, வீட்டுக்காரர் குசினிப் பக்கத்தால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"நான் பத்துத் தரம் பாத்தனான் மாமா. பதினொண்டு பதினொண்டிலை, பன்ரண்டு பன்ரண்டிலைதான் கிடக்கு."

"கிடக்குத்தான். அந்தப் பன்ரண்டு ஆற்ற பன்ரண்டு?"

பின்னில் எழுதியிருக்கும் எண் போர்ட்டைச் செய்தவர் வைத்த பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் சிப்பின் எந்தக் கால் நிற்கிறது என்பது போர்ட்டுக்குப் போர்ட் மாறும். இரண்டு போர்ட்டுக்கும் பொதுவாக இருக்கும் ஒரே இடம் நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஆறு முள், ஐசிஎஸ்பி என்பது. மிசோ, மோசி, தாளம் மூன்றும் அங்கே வரும். ஊனோவில் அவை 11, 12, 13ஓடு ஒன்று, மெகாவில் 50, 51, 52ஓடு ஒன்று, லெயனார்டோ போர்ட்டில் என்றால் அந்த ஆறு முள்ளைத் தவிர வேறு எங்கும் இல்லை. விசயம் தெரிந்தவர்கள் செய்த சீல்ட்கள் இதனால்தான் அந்த ஆறு முள்ளிலேயே போய்க் குந்துகின்றன. சீல்ட் செய்த காலத்தில் எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும், ஆறு துளைச் சொக்கற் கையில் இல்லாததால் வயரைத்தான் இழுத்திருப்பேன்.

மூன்று வயரையும் அறுத்து, ஆறு முள்ளிலிருந்து புதிதாக இழுத்தோம். இதில் ஒரு கவனம் தேவை. ஆறில் ஒன்று 5 வோல்ட், மிசோவுக்குப் பக்கத்து முள்ளே அது. ஒரு முள் தள்ளிப் பூட்டினால் 3.3 வோல்ட்டில் ஓடும் சிப்பின் மிசோ காலுக்குள் 5 வோல்ட் நேரே போகும். அப்போது மருமகன் சொன்னது உண்மையாகிவிடும்.

பவர் கொடுத்தோம். 18!

பெடியன் துள்ளிக் குதித்தான். நான் தேத்தண்ணிக்குச் சொன்னேன். தேத்தண்ணி வருவதற்குள் திரையில் 0, 0, 18, 0, 255, 0.

இந்த இடத்தில் நான் செய்ததை யாராவது பொறியியலாளர் பார்த்தால் சிரிப்பார். மீற்றரையும் எடுக்கவில்லை, தரவுத்தாளையும் எடுக்கவில்லை. சுட்டுவிரலால் சீல்ட்டின் ஒவ்வொரு மூலையையும் மெதுவாக அமத்திக்கொண்டு வந்தேன். 8இலிருந்து 13 வரையுள்ள கால் வரிசைக்கு மேல் விரல் வந்ததும் 18, 18, 18. விரலை எடுத்தால் 0.

இந்த விரல் பழக்கம் அப்பாவுடையது. தொண்ணூறுகளில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. வீட்டுக்கு வீடு சைக்கிள் டைனமோதான் றேடியோவுக்குச் சாப்பாடு போட்டது. சைக்கிளைக் கவிட்டு வைத்து, பின் சில்லை ஒரு பெடியன் கையால் பெடலைப் பிடித்துச் சுழற்ற, டைனமோவின் தலை ரயரோடு உரசிச் சுழல, நாலு டயோட்டுக்குள்ளால் வந்த மின்னில் பிபிசி தமிழோசை கதைக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பெடியன் நான். செய்தி நடுவில் நின்றுவிட்டால் சுற்றி இருக்கிற பெரியவர்கள் எல்லாரும் என்னைத்தான் பேசுவார்கள். அப்பா மட்டும், "சுத்தறதை நிப்பாட்டாதை" என்றுவிட்டு, டைனமோவின் திருகாணியில் சுற்றிய வயரை விரலால் அமத்துவார். செய்தி வாசிப்பவர் விட்ட இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளித் தொடங்குவார். "அமத்தினால் பாடும்" என்று அதற்கு எங்கள் வீட்டில் பெயர். துருப்பிடித்த திருகாணி, முறுக்கு விட்ட வயர், வேறொன்றும் இல்லை.

அமத்தினால் பாடுகிறது என்று தெரிந்தவுடன் ஆட்கள் செய்கிற அடுத்த வேலை, ஒரு கடதாசியை மடித்துச் செருகி அமத்தியபடியே விட்டுவிடுவது. அப்பாவும் செய்திருக்கிறார். றேடியோவுக்கு அது ஓடும். இரவு இரண்டு மணிக்கு வான் பாய்கிறதா என்று சொல்ல வேண்டிய சாமானுக்கு ஓடாது.

மருமகன் மீற்றரை எடுத்து, பீப் அடிக்கும் இடத்தில் வைத்து, 10ஆம் காலில் ஒரு முனையையும் அதன் ஈயத்தில் மற்ற முனையையும் குத்தினான். பீப். 9, பீப். 13, பீப். எல்லாம் சரி என்றான்.

"மீற்றர் முனையாலை எவ்வளவு அமத்தினனி?"

முகத்தைப் பார்த்தேன், விளங்கிவிட்டது. மீற்றரின் கூர்முனையும் ஒரு விரல்தான். காலைக் குத்தும்போது வெடிப்பை அது சேர்த்துவிடும், சேர்ந்ததைப் பார்த்துவிட்டுப் பீப் அடிக்கும். அதோடு அந்தப் பீப் கன மீற்றர்களில் சில பத்து ஓமுக்குக் கீழே எது வந்தாலும் அடிக்கும். நல்ல ஈயத்துக்கும் நொண்டி ஈயத்துக்கும் அது ஒரே சத்தம். நான் பார்க்கிற முறை வேறு. பவரைக் கழற்றிவிட்டு, ஒரு முனையை மெகாவின் அடியில் 10ஆம் பின்னின் ஈயத்தில் வைப்பேன், மற்ற முனையைச் சீல்ட்டில் அந்த வயர் போய்ச் சேரும் சிப்பின் காலில் வைப்பேன். நடுவில் ஒன்றையும் தொடக் கூடாது. சத்தத்தைக் கேட்காமல் எண்ணை வாசிக்க வேண்டும். 11, 12, 13க்கு இப்போது தனி வயர் என்பதால் விட்டுவிட்டோம். 9 அரை ஓம். 10இல் எண் நிற்கவில்லை. மேசையில் கை பட்டால் ஏறியது, இறங்கியது.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. 10ஆம் காலைச் சுற்றி ஈயத்தில் ஒரு மெல்லிய வட்டம், மயிரிழை. காலும் ஈயமும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்தபடி விலகி நிற்கின்றன. ஈயத்தின் முகம் பளபளப்பு இல்லாமல் சாம்பல் பூத்துக் கிடந்தது. சூடு போதாமல், அவசரத்தில், நான் வைத்த ஈயம்.

ஆனால் ஏன் 10? மற்ற வரிசையில் 0 தொடக்கம் 7 வரை ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லையே? இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. ஆர்டுயினோவின் துளைகள் எல்லாம் பத்திலொரு அங்குல இடைவெளியில் இருக்கும், 7க்கும் 8க்கும் இடையில் மட்டும் 0.16 அங்குலம். முதல் போர்ட்டுகளை வரைந்தபோது நேர்ந்த பிழை என்பார்கள். மாற்றினால் அதற்குள் வந்துவிட்ட சீல்ட்கள் ஒன்றும் பொருந்தாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள், இன்றைக்கும் ஊனோவும் மெகாவும் அந்தப் பிழையோடுதான் வருகின்றன. அதனால் பத்திலொரு அங்குலத் துளை போட்ட சாதாரணப் பொட்டுப் போர்ட்டில் சீல்ட் செய்கிறவனுக்கு ஒரு வரிசை இறங்கினால் மற்ற வரிசை இறங்காது. ஒன்றரை மில்லிமீற்றர் தள்ளி நிற்கும். நான் குறட்டால் 8 தொடக்கம் 13 வரையான கால்களை வளைத்து இறக்கினேன். வளைத்த கால் எந்நேரமும் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுவையை ஈயம் தாங்கிக்கொண்டு நிற்கும். தகரக் கூரைக்குக் கீழே பகலில் காய்ந்து இரவில் குளிர்ந்து, கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு தரமும் நெம்புப்பட்டு, கடைசியில் நான் ஈயத்தை மோசமாக வைத்த காலிலேயே விட்டுக்கொடுத்தது. ஊனோவிலிருந்து கழற்றிய அன்றுதான் அது போயிருக்க வேண்டும்.

கடையில் அன்று மழைக்கு ஒதுங்கிய கமக்காரர் ஒருவர் வாங்கில் இருந்து இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். குளத்தில் எங்களுக்கு அடுத்த வாய்க்கால்காரர். "குளத்திலை தண்ணி கிடக்கு, துருசும் திறந்து கிடக்கு, வயலுக்கு வரேல்லை எண்டால் வரம்பிலை நண்டு வளை பாக்கிறது போலைதானே?" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். நண்டு வளையும் மேலே நின்று பார்த்தால் தெரியாது, வரம்பில் காலை வைத்து அமத்திக்கொண்டு போகத்தான் புதையும்.

சும்மா ஈயத்தை உருக்கி மூடினால் போதாது, வளைந்த கால் திரும்ப இழுக்கும். அந்த வரிசையையே கழற்றி எறிந்தேன். 8 தொடக்கம் 13 வரை கால் வேண்டாம். 9க்கும் 10க்கும் மட்டும், வளையக்கூடிய மெல்லிய வயர் இரண்டு, முனையில் ஒற்றை முள் வைத்து மெகாவின் துளைக்குள் இறக்கினேன். வயர் இழுக்காது, ஆடினாலும் தன்பாட்டில் ஆடும். ஈயம் வைக்கும்போது பேஸ்டைத் தடவி, செம்புப் பொட்டையும் காலையும் சேர்த்துச் சூடாக்கி, ஈயத்தைக் காலில் கொடுக்க அது தானாக ஓடிப் படிந்தது. சூடேறாத இடத்தில் உருகிய ஈயத்தைக் கொண்டுபோய் அப்பினால் அது பழைய சாம்பல் ஈயம்தான். என்எஸ்எஸ் வயரில் இருந்து 3.3 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் தடை ஒன்றையும் போட்டேன். போர்ட் விழித்து எழும்பும் அந்தக் கண நேரத்திலும் சிப்பின் தோள் அந்தரத்தில் ஆடாமல் இருக்க.

18, 18, 18. தட்டினோம், ஆட்டினோம், தலைகீழாகப் பிடித்தோம். 18.

பிறகு அவன் எஸ்டி கார்ட் மொடியூலைக் கொழுவினான். 255.

இது விரலுக்கு அகப்படாத பிழை. எஸ்டி கார்ட்டும் றேடியோவும் மோசி, மிசோ, தாளம் மூன்றையும் பங்கிட்டுக்கொள்கின்றன. தோளில் தட்டும் வயர் மட்டும்தான் ஆளாளுக்கு வேறு. தட்டாத நேரம் ஒருவர் மிசோவை விட்டுவிட்டு ஒதுங்கி இருக்க வேண்டும், அப்போதுதான் மற்றவர் கதைக்கலாம். மலிவாக வரும் சில கார்ட் மொடியூல்களில் நடுவில் இருக்கும் தாங்கி சிப் மிசோவை விடவே விடாது. கார்ட் பேசாமல் இருந்தாலும் அது வயரைப் பிடித்தபடி நிற்கும். றேடியோ கத்தினாலும் கேட்காது. சோதனை லேசு. மொடியூலின் மிசோ வயரை மட்டும் கழற்றிப் பார்ப்பது. கழற்றினோம், 18 வந்தது. அதற்குப் பரிகாரம் தாங்கி சிப்பின் காலைத் தூக்கித் தட்டும் வயரோடு சேர்ப்பது. கை நடுங்காத ஆட்கள் செய்யலாம். மெகாவில்தான் பின்களுக்குப் பஞ்சமில்லையே, கார்ட்டுக்கு வேறு நாலு பின்னைக் கொடுத்து மென்பொருளால் கதைக்கும் லைப்ரரியைப் போடு என்றேன். அன்றிரவே போட்டுவிட்டான்.

அடுத்த நாள் பின்னேரம் போன். "மாமா, பேரைச் சொல்லுது, குளத்திலையிருந்து வாறதை மட்டும் எடுக்குதில்லை."

சிரிப்பு வந்துவிட்டது. பழைய புரோகிராம் என்னுடையது, செய்தி வந்ததா என்று நாலு வயருக்குள்ளாலேயே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும். மருமகன் படித்தவன், செய்தி வந்தால் சிப் மணி அடிக்கட்டும் என்று எழுதியிருக்கிறான். மணி அடிக்கும் கால் டிஐஓ0, அது வழக்கமாக 2ஆம் பின்னுக்குப் போகும். எனக்கு மணி தேவைப்படாததால் அந்த வயரை நான் போடவே இல்லை. ஈயம் வெடித்ததைத் தேடலாம், மீற்றரால் அளக்கலாம். ஒருக்காலும் இல்லாத வயர் எந்தப் படத்திலும் இருக்கிறது, கண்ணுக்கும் இருப்பது மாதிரியே தெரியும். பத்து நிமிட வேலை. ஆனால் அவன் திரும்ப பஸ் ஏறி வர வேண்டி வந்தது.

ஞாயிறு பின்னேரம் மழை விட்டிருந்தது. திரையைக் கடை மேசையில், வாங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும்படி வைத்தோம். நண்டு வளைக் கமக்காரரும் இன்னும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மருமகன் பவரைப் போட்டான். திரையில் பெரிய எழுத்தில் முதலில் வந்தது 18.

"பதினெட்டடியோ!" என்று எழும்பிவிட்டார் அவர். "டேய், கட்டு உடைச்சுப் போடும்!"

எங்கள் குளத்துக் கட்டின் முழு உயரமே அவ்வளவு வராது. பெயரைக் கேட்கும் வரியை அவன் திரையிலிருந்து எடுக்க மறந்துவிட்டான். இரண்டு செக்கன் கழித்து ஏழடி ஒன்பதங்குலம் என்று வந்த பிறகுதான் இருந்தார், ஆனால் நம்பிய முகம் இல்லை. செருப்பைக் கொழுவிக்கொண்டு, எதற்கும் ஒருக்கால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று குளக்கட்டுப் பக்கம் போனார். அரை மணித்தியாலம் கழித்து வந்து, "ஒன்பதில்லை, எட்டங்குலம்" என்றார்.